எறும்பு வராத கோலம்

அத்தியாயம் 6

எலும்பு முறிந்தது என்னவோ பூனைக்கு. ஆனால் கொழிஞ்சாம்பாறை போய்ச் சேருவதற்குள் பாண்டியின் இடுப்பெலும்பும் கணக்கில் சேர்ந்துவிடும் போலிருந்தது. ரோட்டில் ஒரு பள்ளத்தையும் விடுவதில்லை என்று ஜானவி எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டாளோ, ஸ்கூட்டர் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது.

"மேடம், இந்த வேகத்துல போனா அடுத்த எக்ஸ்ரே எனக்குத்தான்."

"வாயை மூடிண்டு டப்பாவைக் கெட்டியாப் பிடி. அது கொட்டித்துன்னா கேஸும் கொட்டிப் போயிடும்."

சட்டைப்பையில் இருந்த சின்ன டப்பாவைப் பாண்டி தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி. அவன் தங்கச்சி செல்வலட்சுமியின் மானமும் மரியாதையும் அந்த ஒரு கைப்பிடியில்தான் இருந்தது.

சொந்தத் தங்கச்சி இல்லை, சித்தப்பா மகள். வண்டிப்பெரியார் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. தேயிலைக் கூடையைச் சுமந்தது போதும், டவுனுக்கு வா என்று அவளைக் கூட்டிவந்து கல்பாத்தியில் வேலைக்குச் சேர்த்துவிட்டவனே பாண்டிதான். நல்ல காரியம் செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருந்தான். இப்போது அந்த நெஞ்சில் வந்து விழுந்திருந்தது இடி.

கல்பாத்தி ராமபத்ரன் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் ஸ்ரீரஞ்சனி. போன மழைக்காலத்தில் வாளையார் ரோட்டில் ஒரு லாரி அவள் உயிரைக் கொண்டுபோய்விட்டது. அவள் விட்டுப் போனது ஒரு கறுப்புப் பூனைக்குட்டி, பெயர் மிளகு. ராமபத்ரனும் பர்வதம் மாமியும் அந்தக் குட்டியை வைத்துக்கொண்டுதான் உயிரோடிருந்தார்கள். வெங்காயம்கூட நாள் பார்த்து நறுக்குகிற வீட்டில், கொல்லைப்பக்கம் தனி ஃபிரிட்ஜ் வாங்கிவைத்து, பச்சைக் கோழிக்கறியைப் பிசைந்து பூனைக்குப் போட, ஸ்ரீரஞ்சனி இருந்தபோதே வேலைக்கு வந்த செல்வலட்சுமியை அதற்கென்றே வைத்திருந்தார்கள். பெண் எப்படிக் கொடுத்தாளோ அப்படியே கொடுக்க வேண்டும் என்பது மாமியின் கட்டளை.

பொங்கலுக்கு மிளகின் பின்னங்கால் ஒடிந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் அடுத்த கால். மூன்றாவது தடவை கொண்டுபோனபோது அதை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்ட மிருக டாக்டர் ஜிஷா, "யாராவது அடிக்கறாங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டார். ராமபத்ரன் அந்தக் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டார். வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் இரண்டு பேர் அது தும்மினாலே அழுகிறவர்கள். மிச்சம் யார்?

தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடியது. செல்வலட்சுமி வேலை செய்த மற்ற வீடுகளும் அவளை நிறுத்தின. ஸ்டேஷனில் எஸ்.ஐ. மட்டும், "பூனைக் கேஸுக்குத் தெளிவு வேணும் சாரே" என்று கையை விரித்தார். அந்தத் தெளிவை, அதாவது ஆதாரத்தைத் தேடித்தான் ராமபத்ரன் ஜானவியிடம் வந்தார். இன்று சாயங்காலம் அறிக்கை கையில் இருக்க வேண்டும், அதோடு அவர் ஸ்டேஷனுக்குப் போகிறார். குற்றம் சாட்டப்பட்டவளுக்கு அண்ணன் முறை ஒருத்தன் துப்பறிகிறவள் பக்கத்திலேயே உதவியாளாக நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

ஜானவிக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, மனிதர்கள் மேல் நம்பிக்கை போய்த் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். காலையிலேயே சொல்லிவிட்டாள்: "செல்வி பண்ணியிருந்தா, பண்ணினான்னு அறிக்கையை நீயே எழுதணும். சம்மதமா?"

"சம்மதம் மேடம்" என்றான் பாண்டி. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஒடிஞ்ச எலும்பைப் பார்க்காதே பாண்டி. ஒடியாத எலும்பைப் பாரு. அடி விழுந்ததுன்னா அடி பட்ட இடம் மாத்திரம்தானே ஒடியணும்? மீதி எலும்பெல்லாம் ஏன் நிழலாட்டமா வெளிறிப் போயிருக்கு?"

பாண்டி பார்த்தான். வெயிலில் காயப்போட்ட பழைய மல் வேட்டி மாதிரி எலும்புக்குள்ளே வெளிச்சம் தெரிந்தது.

"இறைச்சியில பாஸ்பரஸ் கொள்ளை கொள்ளையா இருக்கு, கால்சியம் கிடையாது. காட்டுல இருக்கறது எலும்போட கடிச்சுத் தின்னுடும், தராசு சரியாயிடும். எலும்பை எடுத்துட்டுக் கறி மட்டும் போட்டா நாமதான் கால்சியம் சேர்க்கணும். சேர்க்கல்லைன்னா ரத்தம் தனக்கு வேண்டியதை எலும்புலேர்ந்து சுரண்டிக்கும். வளர்ற குட்டிக்கு ரெண்டு மூணு மாசம் போதும்."

"அப்ப திருடன் வெளியிலேர்ந்து வரல. உள்ளுக்குள்ளயே இருந்துருக்கான்."

"திருட விட்டது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலையாக்கும்" என்றாள் ஜானவி.

ஸ்ரீரஞ்சனி கால்சியத்துக்குச் சேர்த்தது முட்டை ஓட்டுத் தூள். ராமபத்ரன் வீட்டுக் கொல்லைத் தூக்குச்சட்டியிலிருந்து எடுத்த அந்தத் தூள்தான் டப்பாவில் இருந்தது. அதை அரைத்துக் கொடுத்தவள் கொழிஞ்சாம்பாறை கமலாத்தாள். அவள் ஏமாற்றியிருந்தால் செல்வலட்சுமி தப்பினாள். கமலாத்தாளே, நீ ஒரு மோசக்காரியாக இருக்கணும் தாயே என்று பாண்டி வழி நெடுக வேண்டிக்கொண்டே வந்தான்.

கமலாத்தாளைப் பார்த்ததும் அந்த வேண்டுதல் பலிக்காது என்று தெரிந்துபோயிற்று. களத்தில் தார்ப்பாய் விரித்து, வேகவைத்துக் கழுவிய முட்டை ஓடுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து பேக்கரிகளிலிருந்து சாக்குச் சாக்காக வருமாம். அந்தப்புறம் ஒரு சின்ன மாவு மில், அதுவும் அவளுடையதுதான்.

"வாங்க அம்மிணி. ஏனுங்க தம்பி, இப்படி வேர்த்து ஊத்துது?"

"ஸ்கூட்டர்ல உக்காந்து வந்தேன்க்கா. அதைத் தூக்கிட்டு நடந்து வந்திருந்தாக்கூட இவ்வளவு வேர்த்திருக்காது."

கமலாத்தாள் சிரித்தாள். கல்பாத்தி என்றதும் சிரிப்பு நின்றது. "அந்தப் புள்ளைய நெனச்சா வயிறு எரியுதுங்க. எலும்பு தொண்டையில சிக்கிக்கும்னு பயந்துக்கிட்டு வெறுங்கறிதான் போடும். அதனால இந்தத் தூள் இல்லாம ஒரு நேரங்கூடப் போடக் கூடாதுக்கான்னு சொல்லும். ஒரு பூனைக்கு எதுக்குக் கண்ணு அஞ்சு கிலோன்னு கேட்டேன். தெருவுல இருக்கற அத்தனைக்கும் போடுதாமா. அது போனதுக்கப்புறமும் நான் அளவைக் கொறைக்கலீங்க. மனசு வல்ல."

ஜானவி பாண்டியிடமிருந்து டப்பாவை வாங்கி நீட்டினாள். "நீங்க அனுப்பின தூள் இதுதானா, பாத்துச் சொல்லுங்கோ."

கமலாத்தாள் வீட்டுக்குள் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டு வந்தாள். முதலில் தன் மூட்டையிலிருந்து ஒரு கரண்டித் தூளைத் தட்டில் கொட்டிப் பிழிந்தாள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொசுபொசுவென்று நுரைத்தது. பிறகு டப்பாவிலிருந்த பொடியில் பிழிந்தாள். அது பாட்டுக்கு ஈரமாகி, களிமண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது.

அவள் அதை விரலில் எடுத்துத் தேய்த்தாள். முகம் மாறியது. "இது அரிசி மாவுங்க."

"நெசமாவா?" என்றான் பாண்டி.

"மில்லு வெச்சிருக்கறவளுக்கு மாவு தெரியாதுங்களா? ஐப்பசித் தேருக்கு முன்னாடி அந்த ஊட்டுக்கு ரெண்டு தூக்கு பஸ்ல ஏத்தி உட்டேன். தூளு இருக்கற தூக்குக்குக் கைப்பிடியில செவப்பு நூலு கட்டித்தான் அனுப்புவேன். முட்டைச் சமாச்சாரம், ஐயமாரு ஊடு, மாறிறக் கூடாது பாருங்க. செல்விக்கு அது நல்லாத் தெரியும். எப்பவும் அவதானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்குவா?"

பாண்டி விரல் விட்டு எண்ணினான். அடையாளம் தெரிந்தவள் செல்வி. வாங்குகிறவள் செல்வி. தினமும் கறி பிசைகிறவளும் செல்வி. தூளை ரோஜாச் செடிக்கு உரமாகப் போடுகிற எவனுக்காவது விற்றுவிட்டு, தூக்கில் அரிசி மாவை ரொப்பி வைத்தாளோ? ஐந்து கிலோ முட்டை ஓட்டுக்காகவா புத்தி கெட்டுப்போனாள்? அடிப்பாவி மகளே!

அவன் விடுவிடுவென்று ஸ்கூட்டரிடம் போய் நின்றான். பிழிந்தது போக மீந்த அரை எலுமிச்சம்பழத்தை எப்போது எடுத்தோம் என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தான். ஜானவி மட்டும் பின்தங்கி, கமலாத்தாளிடம் இன்னும் ஏதோ ஒன்று கேட்டுவிட்டு வந்தாள்.

"என்ன மேடம் கேட்டீங்க?"

"ரெண்டாவது தூக்குல என்னன்னு கேட்டேன். ஏறிக்கோ."

"என்னவாம்?"

"ஏறிக்கோன்னேன்."

பாதி வழியில் டாக்டர் ஜிஷாவின் போன். ஜானவி வண்டியை ஓரம் கட்ட, பாண்டி எடுத்தான்.

"பாண்டி, உள்ளதைச் சொல்லிடறேன். ஜானவி மேடம் சொன்னதுதான் சரி. அடி ஒண்ணும் இல்லை, எலும்புல பலமே இல்லை. இடுப்பு ஒடுங்கிப்போச்சு, இப்போ முதுகும் விட்டுப்போச்சு. சாயங்காலம் கடக்கறது சம்சயமாக்கும்."

"கால்சியம் ஏத்தினா?"

"கொடுக்கறதெல்லாம் கொடுத்தாச்சு. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம். இப்போ வலிக்காமப் பார்த்துக்கறது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது."

அப்புறம் கல்பாத்தி வருகிற வரைக்கும் பாண்டி ஒரு பள்ளத்தைப் பற்றியும் புகார் சொல்லவில்லை.

வெயில் இறங்கியிருந்தது. ராமபத்ரன் வீட்டு வாசற்படியில் பர்வதம் மாமி நின்றுகொண்டிருந்தாள். தலை வாரவில்லை, புடவை ஏனோதானோ. ஆனால் அவள் காலடியில் கிடந்த கோலம் அத்தனை அழகு. இழை இழையாக, ஓரத்தில் பூக்கொடி விட்டு, தெருவில் பாதி தூரம் வரைக்கும் விரிந்திருந்தது.

"காலம்பற போட்டதாம்மா இது?" என்றான் பாண்டி. "சாயங்காலம் ஆகியும் ஒரு புள்ளி கலையலையே!"

"அதாக்கும் எனக்கும் வேதனை." மாமி கோலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடியெல்லாம் பத்து மணிக்குள்ள எறும்பு வந்து பாதியைத் தின்னுட்டுப் போயிருக்கும். கல்லு மாவு இந்த ஆத்துல வாங்கினதே கிடையாது. நாலு உயிர் தின்னட்டும்னுதானே வாசல்ல அரிசி மாவு போடறது? உன் கோலத்துக்கு எறும்புதாம்மா ரசிகான்னு ரஞ்சனி கேலி பண்ணுவா. இப்போ ஒண்ணுகூட எட்டிப் பார்க்கறதில்லை. பெண்ணைப் பறிகொடுத்த வாசல்னு அதுகளுக்கும் தெரிஞ்சுடுத்து போல இருக்கு."

யாராவது அழப் போகிறார்கள் என்று தெரிந்தால் பாண்டிக்கு நாக்கு நிற்காது. "அதுகளும் டயட்ல இருக்குமா இருக்கும்மா. ஊர்ல எல்லாரும் அரிசியைக் குறைக்கிறாங்கள்ல."

மாமி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "துப்பறியறவன்தானே நீ? எறும்பு ஏன் வரல்லைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லேன் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாண்டி பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் போனான். அறிக்கை வரும்வரை போகக் கூடாது என்று ராமபத்ரன் நிறுத்திவைத்திருந்த செல்வலட்சுமி, துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்தது.

"ஏ புள்ள, அந்தத் தூளை என்ன செஞ்ச?"

"எந்தத் தூளுண்ணே?"

"நடிக்காத! தூக்குல இருக்கிறது அரிசி மாவு. பச்ச உயிருடி அது. வாயில்லாத சீவனுக்கு மாவைக் கரைச்சுக் குடுத்திருக்கியே, உனக்கு நல்ல சாவு வருமா?"

செல்வலட்சுமி அழவில்லை. எழுந்து போய், கொல்லை அலமாரியிலிருந்து தூக்கை எடுத்து வந்தாள். அது ஒரு தட்டில் இருந்தது. தட்டு நிறையத் தண்ணீர், தண்ணீரில் செத்து மிதக்கிற எறும்புகள்.

"எனக்கென்ன தெரியும்? தூக்குல இருக்கிறதுல ஒரு சிட்டிகை எடுத்துப் போடுன்னு ரஞ்சனியக்கா காட்டிக் குடுத்துச்சு, போட்டேன். தேருக்கு வந்த தூக்கு மட்டும் மெதுமெதுன்னு மாவாட்டம் இருந்துச்சு. எறும்பு வேற மொச்சுக்கிட்டே இருக்கும். சார்ட்ட சொன்னேன். அவ குடுத்ததைப் போடு, அதிகப்பிரசங்கம் வேண்டாம்னாரு. அதான் தட்டுல தண்ணி ஊத்தி வச்சேன்."

"செவப்பு நூலு கட்டியிருந்துச்சா?"

"இல்லையே."

"பெறவு ஏன் வாங்குன?"

"நான் எங்க வாங்குனேன்?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "சார்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரு. மாமி ரஞ்சனியக்கா போனதுலேர்ந்து கோலமே போடல. தேரு வரும்போது வாசல் மூளியா இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லி, மொத மொதக் கோலம் போட ஒத்துக்கிச்சு. அதுக்குக் கோலமாவும் சேர்த்துச் சொல்லிவிட்டாங்க. கோழிக்கறி பிசையுற கை கோலமாவைத் தொடக் கூடாதுன்னு சார் அவரே போயி ரெண்டு தூக்கையும் தூக்கிட்டு வந்தாரு."

பாண்டி தட்டில் மிதந்த எறும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஜானவியின் குரல் கேட்டது.

"எறும்பு எங்கே இருக்கு பாண்டி?"

"இங்க."

"எங்கே இல்லை?"

அவன் கையிலிருந்த அரை எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். "அட கடவுளே" என்றான்.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது ராமபத்ரன் சட்டை மாட்டி, கையில் ஃபைலோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "வா ஜானவி, உனக்குத்தான் காத்துண்டிருக்கேன். அறிக்கை ஆச்சா? அவளைப் பத்தித் தெளிவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா. சித்த கீழே பாருங்கோ." பாண்டியிடம் திரும்பி, "பிழி" என்றாள்.

"மேடம், கோலத்துல எலுமிச்சம்பழம் பிழியுறதை எதிர்வீட்டுல பார்த்தா செய்வினைன்னு சொல்லப் போறாங்க."

"பிழி பாண்டி."

கோலத்தின் கடைசிப் பூவில் நாலு சொட்டு விழுந்தது. பூ கொதித்தது. வெள்ளை இழையெல்லாம் பொசுபொசுவென்று நுரைத்து அடங்கியது.

ராமபத்ரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னது இது?"

"முட்டை ஓடு. ரஞ்சனி பூனைக்குன்னு வாங்கி வெச்சது. தேர் அன்னிலேர்ந்து வாசல்ல கோலமாயிண்டிருக்கு. வாசலுக்கு வரவேண்டிய அரிசி மாவு பூனை வயத்துக்குப் போயிண்டிருக்கு. மாமா, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ரெண்டு தூக்கு கொண்டுவந்தேளே, எதை மாமி கையில குடுத்தேள்?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகத்தில் ரத்தம் வற்றிப்போவதைப் பாண்டி பார்த்தான்.

"ஒண்ணுல செவப்பு நூல் கட்டியிருந்தது" என்றார் மெதுவாக. "செவப்பு மங்கலமாச்சே. வாசலுக்குன்னுதான் கட்டியிருக்கான்னு... நானாக்கும் குடுத்தேன். அவ கை படாம நானே கொண்டுவந்தேன்னு அதை வேற சொல்லிக் குடுத்தேன்." ஃபைல் கையிலிருந்து நழுவியது.

செல்வியின் கை பட்டிருந்தால் நூலைப் பார்த்திருப்பாள், பூனை ஓடியாடிக்கொண்டிருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்திலேயே போனை எடுத்து எஸ்.ஐ.யிடம் புகார் வேண்டாம் என்று சொன்னார். சொல்லி முடித்ததும் ஜானவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பர்வதத்துக்குத் தெரிய வேண்டாம். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். பொண்ணு போனப்புறம் அவ படுக்கையை விட்டு எழுந்துக்கறதே இந்தக் கோலத்துக்காகத்தான். இதைக் கேட்டா அப்புறம் எழுந்துக்க மாட்டா."

"சரி சார்" என்றான் பாண்டி. "தெருவுக்கு என்ன சொல்லுவீங்க?"

"போகட்டும்னு மன்னிச்சு விட்டுட்டோம்னு..."

"செய்யாத குத்தத்துக்கு மன்னிப்பா?" பாண்டிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அது மன்னிப்பு இல்ல சார், முத்திரை! பூனைக் காலை ஒடிச்சவ, பாவம் பார்த்து விட்டாங்கன்னு காலம் பூரா சொல்லுவாங்க. அவ என் தங்கச்சி. நான்தான் இங்க கொண்டுவந்து சேத்தேன். உங்க வீட்டு வாசலை நம்பிச் சேத்தேன்!"

ராமபத்ரன் அவனை நிமிர்ந்து பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். சந்து முனையில் செல்வலட்சுமி பையோடு வந்து நின்றாள். வேண்டாம் அண்ணே, வா போவோம் என்று கண்ணால் கூப்பிட்டாள்.

பாண்டியின் போன் பையில் துடித்தது. ஜிஷா டாக்டரின் செய்தி, ஒரே வரி. மிளகு போய்விட்டது, கடைசியில் வலி இல்லை. அவன் போனை ஜானவியிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளே விளக்கு ஏற்றும் மணி கேட்டது.

மாமி வாசலுக்கு வந்தாள். சாயங்காலக் கோலத்துக்காகக் கையில் தூக்கு. கைப்பிடியில் நிறம் மங்கின சிவப்பு நூல்.

"இன்னிக்கு வேண்டாம் பர்வதம்" என்று ராமபத்ரன் குறுக்கே வந்தார்.

"ஏன்?"

அவர் தூக்கை வாங்கக் கையை நீட்டினார். மாமி அவரைப் பார்த்தாள், கோலத்தில் கரைந்துபோன பூவைப் பார்த்தாள், பாண்டியின் கையிலிருந்த பிழிந்த எலுமிச்சை மூடியைப் பார்த்தாள்.

"எறும்பு ஏன் வரல்லைன்னு கேட்டேனே பாண்டி. தெரிஞ்சுடுத்தா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். அவன் செல்வியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுடைய அந்தத் தலையாட்டல்தான் அவனைப் பேச வைத்தது.

"அது அரிசி மாவு இல்லம்மா. தூக்கு மாறிப்போச்சு. மிளகுக்குப் போட வேண்டிய முட்டை ஓட்டுத் தூள். அது இல்லாமத்தான் அதுக்கு எலும்பு இத்துப்போச்சு. யாரும் அடிக்கலைம்மா."

முட்டை என்று காதில் விழுந்ததும் தூக்கைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறுவாள் என்று அவன் நினைத்தான். மாமி உதறவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி, இங்கே வா" என்றாள். வாசல் பக்கம் ஒருநாளும் வராதவள் சந்து முனையிலேயே தயங்கி நின்றாள். "வாடீன்னேன். எத்தனை போடணும் அதுக்கு?"

"ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகைம்மா."

"ஒரு சிட்டிகை." மாமி தெருவில் பாதி தூரம் விரிந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். "கை கையா அள்ளிக் கொட்டினேனே. தினமும் கை கையா..."

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி அவர்களைப் பார்த்துக் கத்தினாள். குழந்தை பெற்ற வலியில்கூட அந்தத் தெரு அவள் குரலைக் கேட்டிருக்காது. "கேட்டேளா! இந்தப் பொண்ணு அடிக்கல்லை! பழி சொன்னது நாங்களாக்கும், பண்ணினதும் நாங்களாக்கும்!"

செல்வலட்சுமி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். இதைக் கேட்கத்தான் அவள் அத்தனை நாள் அந்தத் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கேட்டபின் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

மாமி தூக்கைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்தது கொஞ்சம்தான், ஒரு கோலத்துக்குக் காணாது. சட்டென்று மண்டி போட்டு உட்கார்ந்தாள். காலையில் இழை இழையாக விட்ட கோலத்தை இரண்டு கையாலும் கூட்டி வழித்தாள். கொடி போயிற்று, பூ போயிற்று. மண்ணும் தூளுமாக உள்ளங்கை நிறைய அள்ளிக்கொண்டு எழுந்து பாண்டியிடம் நீட்டினாள்.

"இந்தா, இதைக் கொண்டுபோய் ஜிஷா டாக்டர்கிட்டக் குடு. ஒரு சிட்டிகை போறும்னாளே. இது நிறைய நாளைக்கு வரும். சலிச்சுப் போடச் சொல்லு, மண்ணு இருக்கு."

"பர்வதம்..." என்றார் ராமபத்ரன்.

"நீங்க பேசாம இருங்கோ. கால் ரெண்டும்தானே? சின்னக் குட்டிதானே அது, சேர்ந்துடும். ஏன் நிக்கறே பாண்டி, வண்டியை எடேன்!"

சட்டைப்பையில் போன் இருந்த இடம் பாண்டிக்குச் சுட்டது. ஜானவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்குட்டையை உதறி இரண்டு உள்ளங்கையிலும் விரித்துப் பிடித்தான். மாமி ஒரு துளி சிந்தாமல் அதில் கொட்டினாள், விரலிடுக்கில் இருந்ததையும் தட்டிவிட்டாள்.

"ஓடு பாண்டி. இருட்டறதுக்குள்ள போயிடணும்."

"போறேம்மா" என்றான் அவன்.